உலோகம் கரைந்த நிலத்தடி நீரை நுண்ணுயிரும் தாவரக் கழிவும் கொண்டு சுத்தம் செய்வது: முழுமையான வழிகாட்டி

ஒரு கண்ணாடி ஜாடியில் மரத்தூள், இலை மட்கு, ஒரு கைப்பிடி குளத்துச் சேறு போடுங்கள். துத்தநாகமும் இரும்பும் சல்பேட்டும் கரைந்த தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, மூடியை இறுக்கி நிழலில் வைத்துவிடுங்கள். முதல் வாரம் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும், அவ்வளவுதான். இரண்டாவது வாரம் முடியும்போது, சேறு கிடக்கும் இடத்திலிருந்து கண்ணாடியை ஒட்டி மை ஊறியதுபோல் ஒரு கறுப்பு மேலேறத் தொடங்கும். அந்தக் கறுப்பு இரும்பு சல்பைடு. அதற்குள் துத்தநாகமும் சிக்கியிருக்கும். மேலே நிற்கும் தண்ணீரைச் சோதித்தால் துத்தநாகம் ஏறக்குறைய காணாமல் போயிருக்கும்.

இந்த நுட்பம் மொத்தமும் அந்த ஜாடிக்குள் இருக்கிறது. மீதியெல்லாம் அதைப் பெரிதாக்குவது பற்றியதுதான். ஆனால் பெரிதாக்கும்போதுதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பாக்டீரியா நம்மைக் கைவிடுவது அபூர்வம். தண்ணீர் போகும் வழியும் பாக்டீரியாவின் சாப்பாட்டுக் கணக்கும்தான் காலை வாரிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் உயிரியலைவிட நீரோட்டத்துக்கும் கணக்குக்கும் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய், கரைப்பான் போன்ற கரிம மாசுகளை நுண்ணுயிர் தின்று தீர்த்துவிடும். உலோகத்தை அப்படித் தீர்க்க முடியாது. கரைந்து ஓடிக்கொண்டிருந்ததைக் கரையாத உருவுக்கு மாற்றி ஓரிடத்தில் உட்கார வைக்கிறோம். அது எழுந்து ஓடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கடைசி நாள் வரை நம்முடையது.

உள்ளே என்ன நடக்கிறது

சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்களை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நுண்ணுயிரியலாளர் பெய்யரிங்க் 1895-லேயே கண்டுபிடித்துவிட்டார். நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல இவை சல்பேட்டைச் சுவாசிக்கின்றன. தாவரக் கழிவு மட்கும்போது வெளிவரும் எளிய கரிமப் பொருள்களைத் தின்று, சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. அந்தச் சல்பைடு தண்ணீரில் உள்ள உலோகத்தோடு சேர்ந்து கரையாத வீழ்படிவாகப் படிகிறது. கூடவே பைகார்பனேட்டும் உருவாவதால் தண்ணீரின் அமிலத்தன்மை குறைகிறது. ஒரே வேலையில் இரண்டு பலன்.

எல்லா உலோகமும் ஒரே அவசரத்தில் படியாது. தாமிரம் முதலில் போய்விடும். அடுத்து ஈயம், காட்மியம், துத்தநாகம், நிக்கல். இரும்பு கடைசி வரிசையில் நிற்கும். மாங்கனீசு சல்பைடாக மாற அநேகமாக மறுத்துவிடும். உங்கள் தண்ணீரின் முதன்மைச் சிக்கல் மாங்கனீசு என்றால், காற்றேற்றி ஆக்சைடாகப் படிய வைக்கும் முறையைப் பாருங்கள். இந்த முறை உங்களுக்கானதல்ல.

குரோமியம், யுரேனியம், செலினியம் ஆகியவற்றின் வழி வேறு. ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனுக்கு இறங்கி ஹைட்ராக்சைடாகப் படிகிறது. யுரேனியம் ஆறிலிருந்து நான்குக்கு இறங்கினால் கரைதிறனை இழக்கிறது. செலினியத்தின் கரையும் வடிவமான செலினேட், தனிமச் செலினியமாக மாறிச் சிவப்பு நிறத்தில் படியும். இவற்றுக்குச் சல்பைடு அவசியமில்லை, ஒடுக்கும் சூழல் இருந்தால் போதும்.

இன்னொரு வழியும் உண்டு: தாவரக் கழிவே உலோகத்தை ஒட்டிப் பிடிப்பது. மரத்தூள், உமி, தென்னை நார்க்கழிவு, கொட்டை ஓடு இவற்றின் மேற்பரப்பில் உள்ள கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். வேகமாக நடக்கும், ஆனால் சீக்கிரம் நிறைந்துவிடும். ஆய்வகத்தில் இதைப் பார்த்துவிட்டு "தொண்ணூறு சதவீதம் நீக்கம்" என்று மகிழ்ந்தவர்கள் ஏராளம். மூன்றாவது வாரம் ஒட்டும் இடமெல்லாம் தீர்ந்து, உலோகம் உள்ளே போன அளவிலேயே வெளியே வரும். ஒட்டிப் பிடிப்பதை முதல் சில நாள்களுக்கான உதவி என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

படி 1: இந்த முறை உங்கள் தண்ணீருக்குப் பொருந்துமா

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு தனிமங்களைத் தேடிப் பாருங்கள்.

முதலாவது ஆர்சனிக். மண்ணில் ஆர்சனிக் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் கரிமப் பொருளைச் சேர்த்து ஆக்சிஜனைத் தீர்த்தால் அந்த ஆக்சைடு கரைந்து, அதுவரை அமைதியாக இருந்த ஆர்சனிக் தண்ணீருக்குள் வந்துவிடும். வங்காளப் படுகையின் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் வருவதற்கு முக்கியக் காரணமே இந்த வேதியியல்தான், அங்கே அது இயற்கையாக நடக்கிறது. சல்பைடு அதிகமானால் ஆர்சனிக் படியும் என்று வாதிடலாம். ஆனால் நடுநிலைத் தண்ணீரில் சல்பைடு மிகுந்தால் ஆர்சனிக் அதோடு சேர்ந்து கரையும் சேர்மங்களாகவும் மாறும். ஆர்சனிக் இருக்கும் இடத்தில் தனிச் சோதனை இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

இரண்டாவது பாதரசம். சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாக்களில் சில, பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீன்களின் உடலில் சேர்ந்து பெருகும் கொடிய நஞ்சு. பாதரசம் கணிசமாக இருந்தால் இந்த முறையைக் கைவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அப்புறம், குடிநீர். இந்த முறையில் வெளிவரும் தண்ணீரில் சாணத்திலிருந்து வந்த கிருமிகள், கரிமப் பொருள், மிச்சச் சல்பைடு எல்லாம் இருக்கும். நிலத்தடி மாசு பரவாமல் தடுக்கவும், வெளியேற்றும் நீரின் தரத்தை உயர்த்தவும்தான் இது. வீட்டுக் கிணற்றில் சாக்கு நிறைய மரத்தூளை இறக்கிக் குடிநீராக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இலக்கு எவ்வளவு சிறியது என்று தெரிந்துகொள்ள, உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவுகளைப் பாருங்கள்: ஒரு லிட்டரில் ஈயமும் ஆர்சனிக்கும் தலா 10 மைக்ரோகிராம், காட்மியம் 3, நிக்கல் 70, யுரேனியம் 30.

படி 2: தண்ணீரைச் சரியாக அளப்பது

தவறான மாதிரி எடுத்தால் பின்னால் போடும் கணக்கெல்லாம் வீண். கிணற்றுக் குழாயில் பல நாள் தேங்கிய தண்ணீரை அப்படியே எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் வழக்கமான தவறு. மெதுவாக இறைக்கும் சிறு பம்பை வைத்து, வெப்பநிலை, பிஎச், மின்கடத்துத்திறன் மூன்றும் ஆடாமல் நிலைக்கும் வரை நீரை வெளியேற்றிவிட்டு அதன்பின் பிடியுங்கள்.

கரைந்த உலோகத்துக்கான மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, உடனே நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். வடிக்காமல் அமிலம் சேர்த்தால் மண் துகளில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து கணக்கில் ஏறிவிடும். வடித்துவிட்டு அமிலம் சேர்க்க மறந்தால், போகும் வழியிலேயே இரும்பு துருவாகப் படிந்து மற்ற உலோகங்களையும் கூட்டிக்கொண்டு புட்டியின் அடியில் உட்கார்ந்துவிடும். சல்பைடுக்குத் தனிப் புட்டி வேண்டும். அதில் துத்தநாக அசிட்டேட் முன்கூட்டியே இருக்க வேண்டும். பிஎச், கரைந்த ஆக்சிஜன், காரத்தன்மை ஆகியவற்றைக் கிணற்றடியிலேயே அளந்துவிடுங்கள்.

ஆக்சிஜனேற்ற–ஒடுக்க மின்னழுத்தமும் (தண்ணீர் எவ்வளவு ஒடுக்கும் சூழலில் இருக்கிறது என்று காட்டும் எண்) அங்கேயே அளக்க வேண்டியதுதான். இதில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனை காட்டும் எண்ணோடு சுமார் 200 மில்லிவோல்ட் கூட்டினால்தான் ஹைட்ரஜன் மின்முனை அளவுகோலுக்கு வரும். ஒரு குழு கூட்டிய எண்ணையும் இன்னொரு குழு கூட்டாத எண்ணையும் ஒரே அட்டவணையில் எழுதிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். சல்பேட் ஒடுக்கம் தொடங்கிவிட்டதா இல்லையா என்று ஒரு மாதம் விவாதித்தார்கள்.

உலோகங்களோடு சல்பேட், நைட்ரேட், அலுமினியம், மொத்தக் கரிமக் கார்பன் இவற்றையும் கட்டாயம் கேளுங்கள். நைட்ரேட் ஏன்? பாக்டீரியா உலகில் ஒரு பந்தி வரிசை உண்டு. முதலில் ஆக்சிஜன், அடுத்து நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, பிறகுதான் சல்பேட், கடைசியில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள். முன்வரிசைக்காரர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை சல்பேட்டுக்கு இலை விழாது. நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீரில் உங்கள் மரத்தூளில் பெரும்பகுதி அதற்கே செலவாகிவிடும்.

படி 3: கலவையைத் தேர்ந்தெடுப்பது

கலவையில் ஐந்து வகைப் பொருள்கள் வேண்டும்: சீக்கிரம் மட்குவது, மெதுவாக மட்குவது, அமிலத்தைத் தணிப்பது, தண்ணீருக்கு வழிவிடுவது, பாக்டீரியாவைக் கொண்டுவருவது.

சாணம், இலை மட்கு, வைக்கோல் ஆகியவை சீக்கிரம் கரிமத்தைக் கொடுக்கும். இவற்றை மட்டும் போட்டால் முதல் சில மாதங்கள் அமோகமாக ஓடி, அப்புறம் தூங்கிவிடும். மரச்சில்லு, மரத்தூள், நார்க்கழிவு இவற்றில் எளிதில் மட்காத லிக்னின் அதிகம் என்பதால் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கொடுக்கும். இவற்றை மட்டும் போட்டால் தொடங்கவே மாட்டாது, ஏனென்றால் சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாவால் செல்லுலோசை நேரடியாகத் தின்ன முடியாது. வேறு நுண்ணுயிர்கள் அதை உடைத்து, புளிக்க வைத்து, லாக்டேட், அசிட்டேட், ஹைட்ரஜன் போன்றவையாக மாற்றித் தர வேண்டும். ஆக நாம் வளர்ப்பது ஒரு தனி உயிரை அல்ல, ஒரு சமையல்கூடத்தையே. உமியில் சிலிக்கா அதிகம், மட்குவது மிக மந்தம். அதை உணவாக எண்ணாமல் கலவை இறுகாமலிருக்க உதவும் பொருளாகச் சேர்க்கலாம்.

அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்புக்கல் ஜல்லி. தூளாகப் போட்டால் நுண்துளைகளை அடைத்துவிடும், ஜல்லியாகவே போடுங்கள். வழிவிடக் கூழாங்கல் அல்லது பருமணல். பாக்டீரியாவுக்கு, காற்றுப் புகாத குளத்தடிச் சேறு அல்லது சாணம் போதும். விலை கொடுத்து வாங்கும் "சிறப்பு நுண்ணுயிர்க் கரைசல்"களுக்கு இந்த வேலையில் அவசியம் இருந்து நான் பார்த்ததில்லை. சேற்றைக் கிளறினால் கறுப்பாக இருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால், உங்களுக்கு வேண்டியவை அதில் இருக்கின்றன.

விகிதத்துக்கு ஒரு முன்மாதிரி சொல்கிறேன். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் சட்பரி அருகே நிக்கல் ரிம் என்ற சுரங்கப் பகுதியில் 1995-இல் ஒரு நிலத்தடிச் சுவர் அமைத்தார்கள், அதாவது நீரோட்டத்துக்குக் குறுக்கே, தண்ணீர் ஊடுருவிப் போகும்படி கலவையால் நிரப்பிய பள்ளம். கலவையின் கன அளவில் பாதி கூழாங்கல், 20 சதவீதம் நகராட்சி மட்கு, 20 சதவீதம் இலை மட்கு, 9 சதவீதம் மரச்சில்லு, 1 சதவீதம் சுண்ணாம்புக்கல். சுவர் 15 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் ஆழம், நீரோட்டத் திசையில் 4 மீட்டர் பருமன். லிட்டருக்கு 740 முதல் 1000 மில்லிகிராம் வரை இரும்போடு வந்த தண்ணீர், சுவரைத் தாண்டியபோது 1-க்கும் கீழிருந்து 91 வரை என்ற அளவில் இருந்தது. பிஎச் 5.8-லிருந்து 7-க்கு ஏறியது. அந்த "1 முதல் 91" என்ற அகலமான இடைவெளியைக் கவனியுங்கள். ஒரே சுவர்தான், ஒரே கலவைதான். தண்ணீர் வேகமாகப் புகுந்த பட்டையில் நீக்கம் குறைவு, மெதுவாக நகர்ந்த இடத்தில் அதிகம். தண்ணீர் போகும் வழிதான் காலை வாரிவிடும் என்று முதலில் சொன்னது இதைத்தான்.

படி 4: ஜாடி, பிறகு குழாய்

மூன்று நான்கு கலவைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் இரண்டு லிட்டர் கண்ணாடிப் புட்டிகளில் வையுங்கள். உண்மையான மாசு நீரையே பயன்படுத்துங்கள். ஆய்வகத்தில் உப்பைக் கரைத்துச் செய்த நீர் பொய் சொல்லும். ஒவ்வொரு கலவைக்கும் இரட்டைப் புட்டி. கூடவே, கிருமி நீக்கிய கலவையோடு ஒரு ஒப்பீட்டுப் புட்டி. இந்த ஒப்பீட்டுப் புட்டியை விட்டுவிடுபவர்கள்தான் ஒட்டிப் பிடிப்பதையும் உயிர்வழி நீக்கத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் இரண்டு நாளில் இரண்டிலும் உலோகம் இறங்கும், அது ஒட்டுதல். மூன்றாவது வாரத்தில் உயிருள்ள புட்டியில் சல்பேட்டும் சேர்ந்து இறங்கியிருக்க வேண்டும். உலோகம் இறங்கியும் சல்பேட் அசையவில்லை என்றால் பாக்டீரியா இன்னும் வேலைக்கு வரவில்லை என்று பொருள்.

ஜாடியில் வென்ற கலவையை ஒரு மீட்டர் உயரக் குழாயில் அடைத்து, கீழிருந்து மேலாக நீரை மெதுவாகச் செலுத்துங்கள். மேலிருந்து கீழே விட்டால் காற்றுக்குமிழ் சிக்கி வழி அடையும். எட்டு முதல் பன்னிரண்டு வாரமாவது ஓட்டுங்கள். நான்கு வாரத்தில் நல்ல எண்கள் வந்தாலும் நிறுத்த வேண்டாம். கரிமம் எவ்வளவு வேகமாகத் தீர்கிறது, துளைகள் எப்போது அடைபடுகின்றன என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் அதற்குப் பிறகுதான் கிடைக்கும்.

பாதுகாப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் வைத்த ஜாடியை மூடிய அறைக்குள் திறந்துவிட்டேன். நாற்றம் குடலைப் புரட்டியது, ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஓடினேன். பிறகுதான் தெரிந்தது, நாற்றம் அடித்ததே நல்ல காலம் என்று. ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. அதற்கும் மேலே போனால் ஆளைச் சாய்த்துவிடும். காற்றைவிடக் கனமானது என்பதால் குழியிலும் தொட்டியடியிலும் தேங்கும். களத்தில் இறங்குபவரின் சட்டையில் வாயு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். குழிக்குள் விழுந்தவரைக் காப்பாற்றக் கருவியில்லாமல் இன்னொருவர் குதிக்கக் கூடாது. இந்த வாயுவால் சாகிறவர்களில் பலர் அப்படிக் காப்பாற்றப் போனவர்கள்தான்.

படி 5: அளவுக் கணக்கு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே உலோகத்தைக் கிராமில் அல்ல, மோலில் அளக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மோல் உலோகத்துக்கு ஒரு மோல் சல்பைடு என்பதுதான் கணக்கு.

ஒரு நாளைக்கு 10 கனமீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு இரும்பு 60 மில்லிகிராம், துத்தநாகம் 20, காட்மியம் 0.5. அணு எடையால் வகுத்தால் இரும்பு 1.075 மில்லிமோல், துத்தநாகம் 0.306, காட்மியம் 0.004. மொத்தம் சுமார் 1.385. இதைப் பத்தாயிரம் லிட்டரால் பெருக்கினால் நாளொன்றுக்கு 13.85 மோல் உலோகம்.

நன்றாக ஓடும் கலவையில் ஒரு கனமீட்டர் ஒரு நாளைக்கு 0.3 மோல் சல்பேட்டை ஒடுக்கும் என்பது இத்துறையில் பலகாலமாகப் பயன்படும் கைக்கணக்கு. வெப்பம் குறைந்தால் இது பாதியாகலாம், கரிமம் பழசானால் இன்னும் இறங்கும். அதனால் 0.15 என்று எடுப்பது என் வழக்கம். 13.85-ஐ 0.15-ஆல் வகுத்தால் 92 கனமீட்டர் கலவை. அதில் 40 சதவீதம் துளையிடம் என்றால் சுமார் 37 கனமீட்டர் தண்ணீர் நிற்கும், அதாவது தண்ணீர் உள்ளே தங்கும் காலம் ஏறக்குறைய 3.7 நாள். இது நியாயமான எண்.

சல்பேட் போதுமா என்றும் பாருங்கள். 1.385 மில்லிமோலுக்கு லிட்டருக்கு 133 மில்லிகிராம் சல்பேட் வேண்டும். சுரங்க நீரில் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். முலாம் பூசும் தொழிலால் கெட்ட நீரில் சில சமயம் இருக்காது. அப்போது கலவையோடு ஜிப்சம் சேர்க்கலாம்.

"பாதுகாப்புக்குத்தானே, இன்னும் பெரிதாகக் கட்டலாமே" என்று தோன்றும். சரி, அதற்கும் ஒரு விலை உண்டு. இதே 92 கனமீட்டர் கோடையில் முழு வேகமான 0.3-இல் ஓடினால் நாளொன்றுக்கு 27.6 மோல் சல்பைடு உருவாகும். உலோகம் பிடித்துக்கொள்வது 13.85. மிச்சம் ஏறக்குறைய அதே அளவு சல்பைடு, லிட்டருக்குச் சுமார் 47 மில்லிகிராம், வெளிவரும் நீரோடு வரும். மீனையும் கொல்லும், மனிதரையும் விரட்டும். இரும்பு குறைவான நீருக்கு இது இன்னும் மோசம், அதைப் பிடிக்க ஆளே இல்லை. கலவையின் கடைசிப் பகுதியில் இரும்புத் துருவல் சேர்ப்பது ஒரு நல்ல ஏற்பாடு. மிச்சச் சல்பைடை அது கட்டிப்போடும்.

கரிமத்தின் ஆயுள்: ஒரு மோல் சல்பேட்டுக்கு இரண்டு மோல் கார்பன். 0.15 வேகத்தில் ஒரு கனமீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 1.3 கிலோ கார்பன்தான் செலவாகும். கனமீட்டருக்கு ஐம்பது, நூறு கிலோ கார்பன் இருக்கிறதே, பல பத்தாண்டு ஓடுமே என்று தாளில் தோன்றும். ஓடாது. எளிதில் மட்கும் பங்கு சிறியது, அதிலும் ஒரு பகுதி முதல் மாதங்களிலேயே டீ நிறத்தில் கழுவிப் போய்விடும், மீத்தேன் ஆக்கிகளும் பங்கு கேட்கும். பத்து ஆண்டுக்குத் திட்டமிட்டு, ஐந்தாம் ஆண்டிலிருந்தே மாற்றுக்குத் தயாராக இருப்பது நல்லது.

படி 6: சுவரா, தொட்டியா

மாசு நீர் ஆழமில்லாமல் ஒரு திசையில் ஓடினால் அதன் குறுக்கே பள்ளம் தோண்டிக் கலவையை நிரப்பலாம். பம்ப் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. ஆனால் நீரின் திசை வேகம் இரண்டும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஊடுருவும் திறன் நாளுக்கு 5 மீட்டர், நீர்மட்டச் சரிவு 0.005, துளைவீதம் 0.25 என்றால் நீரின் வேகம் நாளுக்கு 0.1 மீட்டர். நான்கு நாள் தங்க வேண்டுமென்றால் 0.4 மீட்டர் பருமன் போதும் என்று வரும். ஒரு மீட்டராவது போடுங்கள், ஏனென்றால் நிலம் ஒரே சீராக இருப்பதில்லை. வேகமான பட்டைதான் உங்கள் முடிவைத் தீர்மானிக்கும்.

சுவரின் ஊடுருவும் திறன் சுற்றியுள்ள மண்ணைவிட எப்போதும் அதிகமாக இருக்க வேண்டும். இல்லையேல் தண்ணீர் சுவரைச் சுற்றிக்கொண்டோ அடியில் நுழைந்தோ போய்விடும். சுவரின் அடிப்பகுதி களிமண் அல்லது பாறை அடுக்கில் உட்கார வேண்டும். மேலே களிமண் மூடி போட்டால் மழைநீரும் ஆக்சிஜனும் இறங்காது.

மாசு ஆழத்தில் இருந்தால், அல்லது நீரோட்டம் தெளிவில்லை என்றால், இறைத்துத் தொட்டியில் விடுங்கள். செலவு கூடும், ஆனால் அடைத்துக்கொண்டால் தோண்டி மாற்றலாம், ஓட்டத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். அமெரிக்காவின் மிசூரியில் வெஸ்ட் ஃபோர்க் ஈயச் சுரங்கத்தில் 1996-இல் மரத்தூள், சுண்ணாம்புக்கல், சாணம் கொண்ட தொட்டிகளை அமைத்தார்கள். நிமிடத்துக்குச் சுமார் 4.5 கனமீட்டர் நீர், லிட்டருக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம் ஈயம், வெளியே 0.02-க்கும் கீழ். முதல்முறை செய்பவருக்கு நான் தொட்டியைத்தான் பரிந்துரைப்பேன்.

மூன்றாவதாக, கரிமத்தைக் கரைசலாக நேரடியாக நிலத்துக்குள் செலுத்துவதும் உண்டு. கொலராடோவின் ரைஃபிளில் பழைய யுரேனிய ஆலை வளாகத்தில் 2002-இல் அசிட்டேட் செலுத்திப் பார்த்தார்கள். யுரேனியத்தை ஒடுக்கும் ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா பெருகியது, யுரேனியம் இறங்கியது. செலுத்துவது தொடர்ந்தபோது சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாக்கள் பந்தியைக் கைப்பற்ற, யுரேனியம் மறுபடி ஏறத் தொடங்கியது. யார் சாப்பிடுகிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

எந்த வடிவமானாலும், நிலத்தடியில் எதையும் புதைக்கவோ செலுத்தவோ மாசுக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி வேண்டும். வடிவமைக்கும்போதே அவர்களிடம் பேசிவிடுங்கள்.

படி 7: நிரப்பி, காத்திருந்து, ஓட்டுவது

கலவையை ஈரமாகவே கலக்குங்கள். காய்ந்த நிலையில் கலந்தால் கனமான ஜல்லி அடியிலும் இலேசான மரத்தூள் மேலேயும் பிரிந்து நிற்கும். நிரப்பியதும் மாசு நீரால் மூழ்கடித்து, இரண்டு முதல் நான்கு வாரம் ஓட்டம் இல்லாமல் விடுங்கள். ஆக்சிஜனேற்ற–ஒடுக்க மின்னழுத்தம், 200 கூட்டித் திருத்திய கணக்கில், மைனஸ் 150 மில்லிவோல்ட்டைத் தாண்டிக் கீழே இறங்கி நிலைக்கட்டும். பிஎச் 6-லிருந்து 8-க்குள் இருக்கட்டும். 5-க்குக் கீழே போனால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் தளர்ந்துவிடும். பிறகு திட்டமிட்ட ஓட்டத்தில் கால் பங்கோடு தொடங்கி, வாரவாரம் கூட்டுங்கள். முதல் நாளே முழு ஓட்டம் விட்டால் பாக்டீரியா படியும் முன்பே சாப்பாடு கழுவிப் போய்விடும்.

முதல் வாரங்களில் வெளிவரும் பழுப்பு நீரில் கரிமமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் மிக அதிகம். அதை நேராக ஓடையில் விடாமல் தொட்டியின் முகப்புக்கே திருப்பி விடுங்கள். நிலைத்த பிறகும் கடைசியில் காற்றேற்றும் படிக்கட்டு ஓடையும் ஒரு படிவுக் குட்டையும் அவசியம். ஆக்சிஜனே இல்லாத தண்ணீர் எந்த ஓடைக்கும் நல்லதல்ல.

படி 8: கண்காணிப்பும் கோளாறுகளும்

சுவருக்கு முன்னால், உள்ளே, பின்னால் மட்டுமல்லாமல் இரண்டு பக்கவாட்டிலும் கண்காணிப்புக் கிணறு வையுங்கள். பின்னால் உள்ள கிணற்றில் நீர் சுத்தமாக இருப்பது, அசுத்த நீர் சுற்றிக்கொண்டு போனதாலும் இருக்கலாம். பக்கக் கிணறு இல்லாமல் இது தெரியவே தெரியாது. முதல் ஆண்டில் மாதந்தோறும், பிறகு பருவத்துக்கு ஒருமுறை அளக்கலாம்.

உலோகம் ஏறுகிறது, சல்பேட் நீக்கம் குறைந்துவிட்டது என்றால் கரிமம் தீர்ந்திருக்கிறது அல்லது குளிர். தண்ணீர் வெப்பநிலையைப் பார்த்தால் எது என்று தெரியும். உலோகம் ஏறுகிறது, ஆனால் சல்பைடு நன்றாக இருக்கிறது என்றால் குறுக்கு வழி விழுந்திருக்கிறது. உப்போ சாயமோ விட்டு எத்தனை நாளில் வெளிவருகிறது என்று பாருங்கள். 3.7 நாளுக்குப் பதில் ஆறு மணி நேரத்தில் வந்தால் வழி பிடிபட்டுவிட்டது. முகப்பில் நீர்மட்டம் ஏறினால் அடைப்பு. வெள்ளை வண்டல் என்றால் அலுமினிய ஹைட்ராக்சைடு, செம்பழுப்பு என்றால் இரும்பு. இரண்டுக்கும் மருந்து, முன்னால் ஒரு படிவுத் தொட்டி. சில சமயம் அடைப்புக்குக் காரணம் படிவே அல்ல, துளைகளில் சிக்கிய மீத்தேனும் சல்பைடு வாயுவும்தான். வாயு வெளியேறக் குழாய் வைத்திருந்தால் அது தானே தீரும்.

படி 9: வேலை முடிந்த கலவை

எல்லாத் திட்ட அறிக்கையிலும் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியாக வருவது இது. பத்து ஆண்டு உலோகம் சேர்ந்த கறுப்புக் கலவை காற்றுப்பட்டுக் காய்ந்தால், சல்பைடு மறுபடி சல்பேட்டாகும், அமிலம் உருவாகும், பிடித்து வைத்த உலோகமெல்லாம் ஒரு மழையில் கரைந்து வெளியேறும். எனவே வெட்டி எடுக்கும்போது ஈரமாகவே எடுங்கள். மூடிய வண்டியில் ஏற்றுங்கள், குவித்து வைத்து உலர்த்த வேண்டாம். முன்னதாகக் கரைதல் சோதனை செய்து, அபாயக் கழிவு வரம்பைத் தாண்டினால் அதற்கென உள்ள புதைகுழிக்கு அனுப்புங்கள். துத்தநாகமோ தாமிரமோ செறிவாக இருந்தால் உருக்காலை எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டுப் பார்க்கலாம். சுவரை அப்படியே நிலத்தடியில் விடுவதானால், நீர்மட்டம் வருடம் முழுக்க அதற்கு மேலேயே நிற்கிறதா என்று குறைந்தது இரண்டு கோடை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அளக்கும் அந்தக் காலம் முழுவதும் பக்கக் கிணறுகளை மூடிவிட வேண்டாம்.